பவர் எழுதிக் கொடுக்கும் முன்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள சாட்ஸ்வொர்த்தில் வக்கீலாக இருக்கும் என்னிடம், பிள்ளைக்கு 'பவர்', அதாவது தன் சார்பில் காரியம் பார்க்கும் அதிகாரத்தை, எழுதிக் கொடுக்க வயதானவர்கள் அடிக்கடி வருகிறார்கள். பாங்குக்கும் ஆஃபீஸுக்கும் அலைய முடியாதவர்களுக்கு அது தேவையான பத்திரம்தான். என் கவலையெல்லாம், அந்தத் தாள் கைக்கு வந்ததும் பெற்றவர்கள் மேலேயே அதிகாரம் பண்ணத் தொடங்கும் பிள்ளைகளைப் பற்றியது.

ஒருமுறை ஒரு ஆயா மகனோடு வந்தார். அவரிடம் கேட்டதற்கெல்லாம் மகனே பதில் சொன்னார். மகனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, அவர்கள் கொண்டுவந்த இங்கிலீஷ் பத்திரத்தை வரிவரியாகத் தமிழில் சொன்னேன். வீட்டை விற்கும் உரிமை என்ற இடம் வந்ததும் ஆயா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "பாங்குக்குப் போறதுக்குன்னுதானே கண்ணு சொன்னான்?" பாங்கு வேலைக்கு மட்டும் என்று புதிதாக எழுதிய பிறகே கையெழுத்துப் போட்டார்.

பவர் வாங்கியவர் எழுதிக் கொடுத்தவரின் நன்மைக்காகவே அதைப் பயன்படுத்த வேண்டும். கேட்டால் கணக்குக் காட்ட வேண்டும். புத்தி தெளிவாக இருக்கும்வரை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். எழுத்தில் ரத்து செய்து பாங்குக்கும் தெரிவித்துவிடுங்கள்.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. எழுதிக் கொடுத்தவருக்குப் புத்தி சுவாதீனம் போய்விட்டால், தென்னாப்பிரிக்கச் சட்டப்படி அந்த பவர் அதோடு முடிந்தது. அம்மாவுக்கு டிமென்ஷியா முற்றிய பிறகும் பழைய தாளைக் காட்டிப் பணம் எடுப்பதற்குச் சட்டத்தில் இடமே இல்லை. அவர் சொத்தைக் கவனிக்க, ஹைகோர்ட் மூலம் கியூரேட்டர் என்ற பொறுப்பாளரையோ, 2002-ஆம் ஆண்டின் மனநலச் சட்டப்படி ஹைகோர்ட்டின் மாஸ்டர் என்ற அதிகாரி மூலம் நிர்வாகியையோ நியமிக்க வேண்டும். தாயோ தகப்பனோ இறந்துவிட்டாலும் பவர் செல்லாது.

மிரட்டிக் கையெழுத்து வாங்குவது குடும்பத் தகராறு என்று ஒதுக்கிவிடக்கூடிய விஷயம் அல்ல. 1998-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் செய்த திருத்தங்கள் 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்தன. ஒருவரின் பணத்தை இன்னொருவர் நிர்வகிக்கும்படி வற்புறுத்திப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது இப்போது பொருளாதார வன்முறை. முதியோரைத் துன்புறுத்துவதையும் அந்தத் திருத்தம் தனியாகச் சேர்த்திருக்கிறது. அரசு உதவித்தொகை வாங்கும் சாஸா கார்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, மருந்துக்குக்கூடக் காசு தராத பிள்ளை மேலும் இந்தச் சட்டத்தில் பாதுகாப்பு உத்தரவு கேட்டு மனு கொடுக்கலாம்.

"பெத்த பிள்ளையை ஜெயிலுக்கு அனுப்புறதா?" என்று தாய்மார்கள் தயங்குகிறார்கள். எனக்கு அந்த மனசு புரிகிறது. ஆனால் பாதுகாப்பு உத்தரவு கேட்டவுடனே யாரும் ஜெயிலுக்குப் போவதில்லை. இன்னின்னது செய்யக்கூடாது என்று மாஜிஸ்திரேட் முதலில் உத்தரவு போடுவார். அதை மீறினால்தான் அந்த மீறலுக்காகக் கைது. மனுவை மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வக்கீல் இல்லாமலே கொடுக்கலாம். தனியாகப் போகத் தைரியம் இல்லையென்றால், நம்பிக்கையான ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள்.