பைக் செயின் எங்கே தேய்கிறது, ஏன் செட்டாக மாற்ற வேண்டும்

இந்தியாவில் ஓடும் 100, 125 சிசி பைக்குகளில் பெரும்பாலும் இருப்பது 428 எண் செயின். முதல் இலக்கமான 4, அங்குலத்தில் எட்டில் நான்கு பங்கைக் குறிக்கிறது. அதாவது அரை அங்குலம், 12.7 மி.மீ. அடுத்தடுத்த இரண்டு ரோலர்களின் நடுவுக்கு நடு உள்ள இந்தத் தூரத்தைத்தான் பிட்ச் என்கிறோம். பெரிய பைக்குகளின் 520, 525, 530 செயின்களில் பிட்ச் 15.875 மி.மீ. பிட்ச் வேறான செயினும், அது மாட்டி ஓடும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டும் ஒன்றோடொன்று பொருந்தவே பொருந்தாது.

வெளியிலிருந்து பார்த்தால் செயினில் பிளேட்டும் ரோலரும் மட்டும்தான் தெரியும். தேய்மானம் நடப்பதோ கண்ணுக்குத் தெரியாத இடத்தில். ஒவ்வொரு ரோலருக்குள்ளும் ஒரு புஷ், புஷ்ஷுக்குள் ஓர் ஆணி. பட்டறையில் இந்த ஆணியைப் 'பின்' என்பார்கள். புஷ் உள்பிளேட்டுகளில் இறுகப் பொருத்தப்பட்டிருக்கும், ஆணி வெளிப்பிளேட்டுகளில். செயின் ஸ்பிராக்கெட்டில் ஏறும்போதும் இறங்கும்போதும் மடங்குகிறதே, அந்த மடிப்பு முழுவதும் ஆணிக்கும் புஷ்ஷுக்கும் நடுவில்தான் நடக்கிறது. இந்த அமைப்பை 1880இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் உருவாக்கினார். இன்றுவரை அடிப்படை மாறவில்லை.

முன் ஸ்பிராக்கெட்டில் 14 பல், பின்னால் 42 பல் என்று வைத்துக்கொள்வோம். முன்னால் ஒவ்வொரு ரோலரும் ஏறும்போது அந்த இணைப்பு 25.7 டிகிரி மடங்கும், பின்னால் 8.6 டிகிரி மட்டுமே. 60 கி.மீ. வேகத்தில் இந்தச் செயின் நொடிக்கு மூன்று முறைக்கு மேல் முழுச் சுற்று சுற்றிவிடும். சுமையும் லேசுப்பட்டதல்ல. 42 பல் ஸ்பிராக்கெட்டின் ஆரம் 85 மி.மீ., டயரோடு சேர்த்துப் பின்சக்கரத்தின் ஆரம் சுமார் 300 மி.மீ. ஆகவே டயர் ரோட்டைத் தள்ளும் விசையைப்போல் சுமார் மூன்றரை மடங்கு இழுப்பு செயினின் மேல்பக்கத்தில் விழுகிறது. இவ்வளவு இழுப்போடு மடங்கும் இடத்தில் எண்ணெய் வற்றி மணல்தூளும் சேர்ந்துவிட்டால் ஆணி ஒருபக்கமாக அரைபடும்.

ஒவ்வோர் இணைப்பிலும் கால் மில்லிமீட்டர் தேய்ந்தால் என்ன ஆகும்? 20 பிட்ச் நீளம் புதிதில் 254 மி.மீ., அது 259 ஆகிவிடும். சர்வீஸ் மேனுவல்கள் 428 செயினுக்குச் சொல்லும் எல்லை கிட்டத்தட்ட இதுதான், 2 சதவீதம். பிளேட் எதுவும் இழுபட்டு நீளவில்லை, ஓட்டைக்குள் ஆட்டம் கூடியிருக்கிறது, அவ்வளவே. உள்லிங்கில் இரண்டு புஷ்களும் ஒரே பிளேட்டில் இருப்பதால் அதன் பிட்ச் மாறாது. நீளம் முழுவதும் வெளிலிங்கில் சேரும். 12.7 ஆக இருந்தது 13.2 வரை போகும். ஒன்றுவிட்டு ஒன்று நீண்ட இந்தச் செயின் சீரான பல் இடைவெளியில் உட்காராமல் பல்லின் நுனியை நோக்கி ஏறும். பல பற்கள் பகிர்ந்த சுமையை ஓரிரு பற்கள் சுமக்க வேண்டிவரும். அப்படித்தான் பற்கள் ஒருபக்கமாகச் சாய்ந்து கொக்கி ஆகின்றன.

செயினையும் இரண்டு ஸ்பிராக்கெட்டுகளையும் சேர்த்துச் செட்டாக மாற்றாமல் செயினை மட்டும் மாற்றுவது ஏன் வீண் என்பதும் இதிலேயே இருக்கிறது. பழைய ஸ்பிராக்கெட், நீண்ட பிட்சுக்கு ஏற்பத் தேய்ந்துபோனது. அதில் 12.7 மி.மீ. புதுச் செயினைப் போட்டால் சில பற்கள் மட்டுமே பிடிக்கும். கொக்கியான பல் ரோலரை எளிதில் விடாது. புதுச் செயின் சீக்கிரமே பழைய நீளத்துக்குப் போய்விடும். பின் ஸ்பிராக்கெட் பார்க்க நன்றாக இருக்கிறதே என்று முன்னதை மட்டும் மாற்றுவதும் அரைகுறை சிக்கனம்தான்.

மாற்ற வேண்டுமா என்று பார்க்க ஸ்கேல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பின் ஸ்பிராக்கெட்டின் கடைசி முனையில், சக்கரத்தின் பின்புறம் பார்த்த இடத்தில், செயினை விரலால் பிடித்துப் பின்னோக்கி இழுங்கள். பாதிப் பல் வெளியே தெரிந்தால் செட்டுக்கு நேரம் வந்துவிட்டது. சக்கரத்தைச் சுற்றும்போது ஓரிடத்தில் செயின் விறைத்து, இன்னோரிடத்தில் தொங்கினால் தேய்மானம் சீராக இல்லை என்று அர்த்தம். அதை, செயினின் தளர்வைக் கூட்டிக் குறைக்கும் அட்ஜஸ்டரால் சரிசெய்ய முடியாது.

செட் வாங்கும்போது பல் எண்ணிக்கையையும் லிங்க் எண்ணிக்கையையும் எண்ணி ஒப்பிடுங்கள். பழைய செயினைப் பக்கத்தில் நீட்டி வைத்து அளக்காதீர்கள். 112 லிங்க் செயின் புதிதில் 1422 மி.மீ. ஒன்றரை சதவீதம் தேய்ந்தாலே 21 மி.மீ. கூடியிருக்கும், ஒரு லிங்கைவிட அதிகம். 'புதுசு ஒரு லிங்க் குறையுது' என்று கடைக்காரரோடு சண்டை வருவது இதனால்தான். கோயம்புத்தூரின் ரோலான், சென்னையின் டைமண்ட் இரண்டும் பெட்டியில் இந்த எண்களைப் போட்டுத்தான் விற்கின்றன. முன்னால் ஒரு பல் கூட்டினால் வேகம் கிடைக்கும் என்று 15 போடுகிறவர்கள் கணக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. பின்னால் ஏறத்தாழ மூன்று பல் குறைத்த விளைவு அது. மேட்டில் இரண்டு பேரோடு ஏறும்போது கியரைக் குறைக்க வேண்டிவரும். ஸ்பீடோமீட்டர் முன்சக்கரத்திலிருந்து ஓடினால் மாறாது, கியர்பாக்ஸிலிருந்து ஓடினால் தப்பாகக் காட்டும்.

இனி வேலை. சென்டர் ஸ்டாண்டு போட்டு, செயின் கவரையும் முன் ஸ்பிராக்கெட் கவரையும் கழற்றுங்கள். கியர் லீவர் குறுக்கே நின்றால் அது ஷாஃப்டில் நின்ற கோணத்தைக் குறித்துக்கொண்டு எடுங்கள். உள்ளே கெட்டியான கறுப்புச் சேறு அப்பியிருக்கும். அதைச் சுரண்டிவிட்டு, முன் ஸ்பிராக்கெட் மாட்டியிருக்கும் ஷாஃப்டைச் சுற்றியுள்ள ஆயில் சீலைப் பாருங்கள். ஈரமாகப் புதிய ஆயில் தெரிந்தால் சீலையும் இப்போதே மாற்றிவிடலாம்.

அடுத்ததுதான் பலரும் வரிசை மாற்றும் இடம். பழைய செயின் இருக்கும்போதே முன் ஸ்பிராக்கெட்டின் போல்ட்டைத் தளர்த்திவிட வேண்டும். டாப் கியர் போட்டு, பின் பிரேக்கை ஒருவர் மிதிக்க, மற்றவர் ஸ்பேனர் பிடித்தால் ஷாஃப்ட் சுழலாது. செயினைக் கழற்றிவிட்டால் பிரேக் ஷாஃப்டைப் பிடிக்காது. சிறிய பைக்குகளில் ஒரு தகட்டை இரண்டு 6 மி.மீ. போல்ட்டுகள் பிடித்திருக்கும், 10ஆம் நம்பர் ஸ்பேனர் போதும். சிலவற்றில் ஒரே பெரிய நட்டு, அதன்மேல் மடித்த லாக் வாஷர். வாஷரின் மடிப்பை முதலில் நிமிர்த்துங்கள், பூட்டும்போது புது வாஷர் போடுங்கள். தகடு வைத்த மாடலில் ஸ்பிராக்கெட் ஷாஃப்டின் மேல் சற்று முன்பின் ஆடும். அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள், இறுக்க முயல வேண்டாம். பின் ஸ்பிராக்கெட்டின் நட்டுகளையும் சக்கரம் வண்டியில் இருக்கும்போதே பிரேக் பிடித்துத் தளர்த்திக்கொள்வது எளிது.

பிறகு செயினின் இரு முனைகளையும் இணைக்கும் லிங்க், அதாவது செயின் லாக். நோஸ் பிளேயரால் கிளிப்பைத் தள்ளி எடுத்து, லிங்கைக் கழற்றுங்கள். ஆக்சில் நட்டைத் தளர்த்தி, டிரம் பிரேக் என்றால் பிரேக் ராடையும், டிரம் பிளேட் சுழலாமல் பிடிக்கும் டார்க் ராடின் நட்டையும் கழற்றி, சக்கரத்தை எடுங்கள். ஸ்லீவ் நட்டு உள்ள வண்டிகளில் ஆக்சிலை உருவினாலும் ஸ்பிராக்கெட் மட்டும், பின்சக்கரத்தைத் தாங்கும் சுவிங் ஆர்மிலேயே தங்கிவிடும். அந்த நட்டையும் கழற்ற வேண்டும்.

சக்கரம் கையில் இருக்கும்போது அதன் நடுப்பகுதிக்கும் ஸ்பிராக்கெட்டுக்கும் இடையிலுள்ள ஹப் ரப்பரைப் பார்க்காமல் விடாதீர்கள். செயினின் உதறலை வாங்கிக்கொள்வது அதுதான். பொருத்திய நிலையில் ஸ்பிராக்கெட்டைக் கையால் முன்பின் திருப்பினால் தளர்வாக ஆடினாலோ, ரப்பரின் ஓரங்கள் நொறுங்கியிருந்தாலோ மாற்றுங்கள். இதை விட்டுவிட்டுப் புதுச் செட் போட்டால் கியர் மாற்றும்போது வரும் 'டக்' சத்தம் அப்படியே இருக்கும், பழி புதுச் செயினின்மேல் விழும். ஸ்பிராக்கெட் பக்கத்து பேரிங்கையும் விரலால் சுற்றிப் பாருங்கள், சொரசொரப்பு இருக்கக் கூடாது.

புது ஸ்பிராக்கெட்டுகளைப் பூட்டி, பின் ஸ்பிராக்கெட் நட்டுகளைக் குறுக்குமறுக்காக இறுக்குங்கள். அட்ஜஸ்டர்களை முன்பக்கம் முழுவதும் தளர்த்திவிட்டுச் செயினைச் சுற்றிப் போட்டால் லாக் எளிதாகச் சேரும். இரு முனைகளையும் பின் ஸ்பிராக்கெட்டின் பற்களில் உட்கார வைத்தால் பிடித்துக்கொள்ள இன்னொரு கை வேண்டாம். கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். மேல்பக்கத்தில் செயின் இன்ஜினை நோக்கி ஓடும், ஆகவே அங்கே மூடிய முனை முன்னால், பிளந்த முனை பின்னால். தலைகீழாகப் போட்டால் எதிலாவது உரசினாலே கிளிப் கழன்றுவிடும். ஓடும்போது செயின் விட்டுப்போனால் அது சக்கரத்தைப் பூட்டலாம், கிராங்க் கேஸையும் உடைக்கலாம். கிளிப்புக்குப் பதில் ஆணியின் தலையை நசுக்கிப் பூட்டும் ரிவெட் லிங்க் உள்ள பெரிய பைக்குகளுக்கு அதற்கான கருவி வேண்டும். சுத்தியலால் தட்டி ஒப்பேற்றும் வேலை இல்லை.

தளர்வு எவ்வளவு? கீழ்ப்பக்கத்தின் நடுவில் மேலும் கீழுமாகச் சிறிய பைக்குகளுக்குப் பெரும்பாலும் 20 முதல் 30 மி.மீ. வரை, சரியான எண் மேனுவலில் இருக்கும். தளர்வு எதற்கு என்றால், சுவிங் ஆர்ம் சுழலும் புள்ளியும் முன் ஸ்பிராக்கெட்டின் நடுவும் ஒன்றல்ல. பள்ளத்தில் சஸ்பென்ஷன் அமுங்கி, ஸ்பிராக்கெட் ஷாஃப்ட், சுவிங் ஆர்ம் போல்ட், ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டில் வரும்போது தூரம் மிக அதிகம். அப்போது இடம் கொடுக்காத செயின் கியர்பாக்ஸ் ஷாஃப்டையே இழுக்கும். பேரிங்கும் ஆயில் சீலும் போவது அப்படித்தான். கொஞ்சம் தளர்ந்த செயின் சத்தம் போடும். டைட்டான செயின் சத்தமில்லாமல் செலவு வைக்கும்.

இரு பக்க அட்ஜஸ்டரையும் ஒரே அளவு திருகுங்கள். சுவிங் ஆர்மில் உள்ள கோடுகளை முழுவதும் நம்ப வேண்டாம். சுவிங் ஆர்ம் போல்ட்டின் நடுவிலிருந்து ஆக்சில் நடுவுக்கு இரு பக்கமும் டேப்பால் அளந்து ஒப்பிடுவது நம்பகமானது. ஆக்சில் நட்டை இறுக்கும்போது தளர்வு சற்று மாறும், ஆகவே இறுக்கிய பின் சக்கரத்தைச் சுற்றி, மிக டைட்டான இடத்தில் மறுபடி அளவு பாருங்கள். டார்க் ராடின் நட்டையும் ஸ்பிளிட் பின்னையும் திரும்பப் போட்டாயிற்றா என்று கையால் தொட்டு உறுதிசெய்யுங்கள். அது கழன்றால் பிரேக் பிடித்ததும் டிரம் பிளேட்டே சுழன்றுவிடும். ஆக்சில் நகர்ந்திருப்பதால் பிரேக் பெடலின் ஆட்டமும் பிரேக் லைட் எரியும் நேரமும் மாறியிருக்கும், இரண்டையும் சரிசெய்யுங்கள்.

முதல் 500 கி.மீ.க்குள் ஒருமுறை தளர்வைப் பாருங்கள். புது ஆணிகள் புஷ்ஷில் படியும்போது கொஞ்சம் இடம் விடும். எண்ணெய்க்கு 90 நம்பர் கியர் ஆயில் போதும். ரோலரின்மேல் ஊற்றுவதைவிட, உள்பிளேட்டுக்கும் வெளிப்பிளேட்டுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் விட்டால்தான் ஆணிவரை போகும். ஓட்டி முடித்து, செயின் சூடாக இருக்கும்போது விட்டு, இரவு முழுவதும் ஊறவிட்டு, காலையில் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். இணைப்புகளில் ரப்பர் வளையம் வைத்த ஓ-ரிங் செயினில் கிரீஸ் ஏற்கெனவே உள்ளே பூட்டப்பட்டிருக்கிறது. அங்கே எண்ணெய் ரப்பரையும் ரோலரையும் காக்கத்தான். பெட்ரோலும் கம்பி பிரஷ்ஷும் அந்த ரப்பரைக் கெடுக்கும், மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷ்ஷும் போதும். எந்தச் செயினானாலும் இன்ஜினை ஓடவிட்டு, கியர் போட்டுத் துடைக்க வேண்டாம். துணி சிக்கினால் விரலும் சேர்ந்து ஸ்பிராக்கெட்டுக்குள் போகும், கையை எடுக்க நேரம் இருக்காது. இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள்.