வசம்பு: பேர் சொல்லா மருந்து

வசம்பு என்பது சேற்று நிலத்தில் வாள் போன்ற இலையோடு வளரும் ஒரு செடியின் காய்ந்த கிழங்கு. கடையில் 'வேர்' என்பார்கள். உண்மையில் அது மண்ணுக்குள் படுத்து ஓடும் தண்டு, அதனால்தான் கணுக்கள். மேல்பக்கம் இலை உதிர்ந்த முக்கோணத் தழும்பும், அடியில் வேர் அறுத்த புள்ளிகளும் இருக்கும். ஒடித்தால் உள்ளே வெளிறிய, பஞ்சு மாதிரிச் சதை. மூக்கைத் துளைக்கும் நெடி. நெடி இல்லாமல் பொடியாக உதிர்ந்தால் பழைய சரக்கு, வாங்க வேண்டாம்.

வடமொழியில் இது வசா. நெடியை வைத்து உக்கிரகந்தா என்றும் பெயர். வசா என்பதை 'வாக்கு' என்ற சொல்லோடு சேர்த்து, பேச்சை வரவழைப்பது என்று பொருள் சொல்வது வழக்கம். தெலுங்கில் வச, கன்னடத்தில் பஜெ, சிங்களத்தில் வதகஹ, மலையாளத்தில் வயம்பு. உயிர் நம் வாயில் உசிர் ஆகிறதே, வயம்புக்கும் வசம்புக்கும் உள்ள உறவு அத்தகையது. பொட்டலங்களில் 'வச்சா', 'பச்', 'கலமஸ்' என்று எது அச்சிட்டிருந்தாலும் சரக்கு ஒன்றுதான். தமிழில் வசம்பு என்றே எழுதலாம், வேறு சொல் தேட வேண்டியதில்லை. விளக்கு வைத்த பிறகு பெயரைச் சொல்லக்கூடாது என்ற வழக்கத்தால் வந்தது 'பேர் சொல்லா மருந்து'.

'பிள்ளை வளர்ப்பான்' என்ற இன்னொரு பெயர்தான் கொஞ்சம் வில்லங்கமானது. அந்தப் பெயரை நம்பி, பிறந்த குழந்தையின் நாக்கிலேயே உரைத்துத் தடவுகிறார்கள். சீக்கிரம் பேச்சு வரும் என்ற நம்பிக்கை வேறு. வசம்பின் இடம் வயிற்றின் மேல்தான், வாய்க்குள் அல்ல.

வெளிப்பூச்சுக்குச் செய்முறை இதுதான். விரல் நீளத் துண்டை விளக்கெண்ணெயில் தோய்த்து, இடுக்கியில் பிடித்து, எண்ணெய் விளக்குச் சுடரில் முழுக்கக் கரியாகும்வரை சுட வேண்டும். மேலே மட்டும் கருகி நடுவில் வெளிறிய சதை இருந்தால் திரும்பச் சுடுங்கள். சுடும்போதுதான் காரமான எண்ணெயில் பெரும்பகுதி போகிறது; அரைகுறையாகச் சுட்டது பிஞ்சுத் தோலை எரிக்கும். ஆறியதும் சுத்தமான கல்லில் நாலைந்து சொட்டு விளக்கெண்ணெய் விட்டு உரைத்து, அந்தக் கரு மையைத் தொப்புளைச் சுற்றி மெல்லிய வட்டமாகத் தடவி, கால் மணி நேரம் கழித்து வெதுவெதுப்பான துணியால் துடைத்துவிடலாம். வயிற்று உப்புசத்துக்கு இதுவே கைமருந்து. உப்புசம் தணிவதில் பாதிப் பங்கு அந்த இதமான தடவலுக்கு என்றே தோன்றுகிறது.

தொப்புள்கொடி விழுந்து புண் ஆறும்வரை தொடவே கூடாது. முதல்முறை கையில் ஒரு புள்ளி வைத்து ஒரு நாள் பாருங்கள்; சிவந்தால் விட்டுவிடுங்கள். சுடாத வசம்புத் தூளைப் பெரியவர்கள் வெந்நீரில் குழைத்து மூட்டுவலிக்குப் பற்றுப் போடுவதுண்டு. வெடிப்பு, புண், கண்ணோரம் ஆகாது. குழந்தைக்கு இந்தப் பற்று வேண்டவே வேண்டாம்.

உள்ளே ஏன் கூடாது? வசம்பெண்ணெயில் பீட்டா அசரோன் என்ற பொருள் இருக்கிறது. ஜம்மு வகை எண்ணெயைத் தீனியில் கலந்து கொடுத்த எலிகளுக்குக் குடலில் கட்டிகள் வந்தன. 1968 முதல் அமெரிக்காவில் வசம்பை உணவில் சேர்க்கத் தடை. வட அமெரிக்கச் செடியில் இந்தப் பொருள் கிடையாது, ஐரோப்பியச் செடியில் கொஞ்சம், நம் இந்தியச் செடியில்தான் மிக அதிகம். அங்கே சாப்பிடுகிறார்களே என்ற வாதம் இங்கே செல்லாது. உடனடித் தொல்லை விடாத வாந்தி. தேனில் உரைத்துக் கொடுத்தால் இன்னொரு ஆபத்தும் சேரும்: ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பொட்டுலிசம் என்ற நச்சு நோய் வரலாம்.

கறுப்புக் கயிற்றில் கோத்துக் கையில் கட்டும் வசம்பு வளையலும் கடைசியில் வாய்க்குத்தான் போகிறது. பல் முளைக்கும் பிள்ளை நாள் முழுக்கச் சப்பும், துண்டு உடைந்தால் தொண்டையில் அடைக்கும். கட்டியே ஆக வேண்டும் என்றால் தொட்டில் கம்பில், கைக்கு எட்டாத உயரத்தில் கட்டுங்கள்.

குழந்தை பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தாலோ, வயிறு கல்லாக இறுகினாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ வசம்பைத் தேடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.