கனடாவிலிருந்து வந்த வானிலை எச்சரிக்கை வானொலி யாழ்ப்பாணத்தில் என்ன செய்யும்?

ஐப்பசி மழை தொடங்குவதற்குச் சற்று முன்பாக, திருத்த வேலைக்கென என் மேசைக்கு வரும் கருவிகளில் ஒரு குறிப்பிட்ட வகை ஆண்டுக்காண்டு கூடி வருகிறது. சிவப்பு அல்லது மஞ்சள் நிறத்தில், கைக்கடக்கமாக, பக்கத்தில் சுழற்றுகைப்பிடியும் மேலே சிறிய சூரிய மின்தகடும் முன்புறம் டோர்ச் விளக்கும் கொண்ட வானொலிப் பெட்டி அது. ரொறன்ரோவிலிருந்தோ ஸ்காபரோவிலிருந்தோ கோடை விடுமுறைக்கு வந்த உறவினர், "புயல் வந்தால் இது தானாகச் சத்தம் போடும்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். கொண்டு வருபவர்கள் சொல்லும் குறையும் ஒன்றுதான்: "தம்பி, மற்றதெல்லாம் வேலை செய்யுது, இந்த வானிலை பட்டனை அமத்தினால் மட்டும் இரைச்சல்தான் கேக்குது, ஒருக்காப் பாருங்கோ." பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டிய தேவையே இல்லை. அதில் பழுது எதுவும் இல்லை. அந்தப் பட்டன் தேடும் ஒலிபரப்பு நம் நாட்டில் இல்லை.

அமெரிக்காவில் தேசிய சமுத்திர, வளிமண்டல நிர்வாகம் வானிலைக்கென்றே தனியான வானொலிச் சேவை ஒன்றை நடத்துகிறது. 162.400 முதல் 162.550 மெகா ஹேர்ட்ஸ் வரையிலான ஏழு அலைவரிசைகளில், நாடெங்கும் பரந்துள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட பரப்பிகளிலிருந்து, இரவும் பகலும் வானிலை அறிவிப்பு மட்டுமே அதில் ஒலிபரப்பாகிறது. கனடாவிலும் இதே அலைவரிசைகளே இத்தகைய சேவைக்குப் பயன்பட்டன. ஓர் இடத்துக்குச் சூறாவளி எச்சரிக்கை விடுக்கப்படும்போது, முதலில் அந்த மாவட்டத்துக்குரிய ஆறு இலக்கக் குறியீடு எண்முறைச் சமிக்ஞையாக அனுப்பப்படுகிறது. அதைத் தொடர்ந்து 1050 ஹேர்ட்ஸ் அளவிலான ஒரே சீரான ஒலி எழுப்பப்படுகிறது. வீட்டிலுள்ள பெட்டி ஒலியை அடக்கி வைத்துக்கொண்டு அந்த அலைவரிசையைக் கேட்டபடியே இருக்கும். தன் நினைவகத்தில் பதிந்துள்ள குறியீட்டோடு வந்த குறியீடு பொருந்தினால் மட்டுமே அலறி வீட்டாரை எழுப்பும். அங்கு வாரந்தோறும், பெரும்பாலும் புதன்கிழமைகளில் நண்பகலை ஒட்டி, பரீட்சார்த்தச் சமிக்ஞை ஒன்று அனுப்பப்படுவதால், பெட்டி உயிரோடு இருக்கிறதா என்பதை வீட்டுக்காரர் சரிபார்த்துக்கொள்ள முடிகிறது. ஒரு பரப்பியின் வீச்சு ஏறத்தாழ அறுபது கிலோமீற்றர். அவ்வளவு அருகில் ஒரு பரப்பி இருக்கும் ஊரில் வாழ்பவருக்கு இது மிகச் சிறந்த கருவி என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் சாமியறைக்குப் பக்கத்தில் அதை மாட்டிவைத்துவிட்டு, 'புயல் வந்தால் அது எழுப்பும்' என்ற நிம்மதியோடு உறங்கும் குடும்பங்களைக் கண்டால் எனக்குக் கவலையாக இருக்கிறது. பெட்டியே இல்லாத வீட்டார் அயலவரிடமாவது விசாரிப்பார்கள். எழுப்பும் என்று நம்பியிருப்பவர்கள் விசாரிப்பதில்லை. ஆகவே இந்தப் பெட்டி நமக்கு அலாரம் அல்ல, கேட்கும் கருவி. அதற்கேற்ப அதை அமைத்துக்கொண்டால், வாங்கித் தந்தவரின் பணம் வீண் போகாது.

நம் நாட்டில் எச்சரிக்கை வரும் வழி வேறு. வளிமண்டலவியல் திணைக்களம் எதிர்வுகூறலையும் எச்சரிக்கையையும் வெளியிடுகிறது. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின் கீழ் உருவான அனர்த்த முகாமைத்துவ நிலையம் அதனை மாவட்டப் பிரிவுகளுக்கு அறிவிக்க, அங்கிருந்து பிரதேச செயலகம், கிராம அலுவலர், கிராம மட்டக் குழு என்று செய்தி கீழே இறங்குகிறது. ஊடகங்களுக்கும் அதே வேளையில் போகிறது. நிலையத்தின் 117 என்ற இலக்கத்துக்கு எவரும் அழைத்துக் கேட்கலாம். இந்த ஏற்பாட்டில் பெரும்பகுதி கைத்தொலைபேசியையே நம்பியிருக்கிறது என்பதுதான் சிக்கல். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைத் தாக்கியபோது பல மாவட்டங்களில் மின்சாரமும் தொலைபேசியும் ஒருங்கே செயலிழந்ததைக் கண்டோம். கோபுரத்தின் பற்றரி தீர்ந்த பிறகு, நம் கையிலுள்ள பேசி எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தும் பயனில்லை. வானொலியோ அப்படியன்று, பரப்பி ஒன்று இயங்கினால் போதும், எத்தனை ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் கேட்டாலும் அதற்கு நெரிசல் கிடையாது.

இனி அமைக்கும் முறைக்கு வருவோம். முதல் வேலை, மழைக்கு முன்பே நிலையங்களைக் கண்டுபிடித்து வைப்பது. இலங்கை வானொலியின் தமிழ்த் தேசிய சேவை, தென்றல், சூரியன், சக்தி, வசந்தம் என்று பண்பலையில் தமிழ் நிலையங்கள் பல உண்டு. அவற்றுள் உங்கள் வீட்டில், உங்கள் பெட்டியில் தெளிவாகக் கேட்பவை எவை, அவை எந்நேரங்களில் தமிழ்ச் செய்தி தருகின்றன என்பதை ஓர் அமைதியான நாளில் இருந்து கேட்டு, ஒரு தாளில் எழுதி, பெட்டியின் முதுகில் ஒட்டிவிடுங்கள். முள் நகரும் பழைய வகைப் பெட்டியாயின், நிலையம் உள்ள இடத்தில் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைப்பது நல்லது. மின்சாரம் இல்லாத இரவில், கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கும் அம்மம்மாவும் டோர்ச் வெளிச்சத்தில் அந்தப் புள்ளிக்கு முள்ளைக் கொண்டுவந்துவிடுவார்.

பண்பலைக்கு இழுகம்பியை முழுவதும் நீட்ட வேண்டும் என்பதில்லை. 100 மெகா ஹேர்ட்ஸ் அளவில் அலையின் நீளம் மூன்று மீற்றர். அதில் கால்பங்கு, அதாவது ஏறக்குறைய 75 சென்ரிமீற்றர் நீட்டினால் சரியாக இருக்கும். கொங்கிறீற் தட்டு வீட்டின் நடு அறையில் ஒலி மங்கும். விறாந்தைப் பக்கத்து யன்னலருகே மீண்டு வரும். பெட்டியில் ஏ.எம். என்று குறித்திருக்கும் மத்திய அலைக்கு இழுகம்பியால் எந்தப் பயனும் இல்லை. அதற்கான ஏரியல் பெட்டிக்குள்ளேயே, செப்புக் கம்பி சுற்றிய கறுத்த பெரைற் தண்டாகப் படுத்திருக்கிறது. அதன் பக்கவாட்டு நிலையத்தை நோக்கினால் ஒலி ஓங்கும், முனை நோக்கினால் ஒடுங்கும். ஆகவே மத்திய அலையில் சத்தம் குறைந்தால் முள்ளைத் திருகுவதற்கு முன் பெட்டியையே மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். அருகில் எரியும் மலிவான எல்.ஈ.டி. விளக்கு, கைத்தொலைபேசிச் சார்ஜர், சூரிய மின்சாரத்துக்கான இன்வேட்டர் ஆகியவை இந்த அலையில் 'கிர்' என்ற இரைச்சலைக் கிளப்பும் என்பதும் நினைவில் இருக்கட்டும். மின்சாரம் நின்ற இரவில் மத்திய அலை வழமையைவிடத் தெளிவாகக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடல் கடந்து வரும் தமிழக வானொலிகளை நம்மவர்கள் தலைமுறைகளாகக் கேட்டு வந்திருக்கிறார்கள். 936 கிலோ ஹேர்ட்ஸில் திருச்சி என்றால் வயதானவர்கள் பலருக்குத் தெரியும். வங்கக் கடலின் தாழமுக்கம் இரு கரைக்கும் பொதுவானது. 1964 டிசம்பர் 22ஆம் திகதி வட இலங்கையைக் கடந்து சென்ற புயல்தான் அன்றிரவே தனுஷ்கோடியை அழித்தது. எனவே அக்கரைச் செய்தியைக் கேட்பது பயனுள்ளதே. ஆனால் அவர்கள் சொல்வது நாகப்பட்டினத்துக்கும் இராமநாதபுரத்துக்குமான எச்சரிக்கை. வீட்டை விட்டு வெளியேறுவதா, கடலுக்குப் போவதா என்ற முடிவை நம் திணைக்களத்தின் அறிவிப்பை வைத்தே எடுக்க வேண்டும்.

இங்கேதான் கனடாப் பெட்டியின் இன்னொரு குணம் குறுக்கே வருகிறது. வட அமெரிக்காவில் மத்திய அலை நிலையங்கள் 10 கிலோ ஹேர்ட்ஸ் இடைவெளியில் அமைந்தவை. நம் நாடும் இந்தியாவும் உள்ள பகுதியில் அந்த இடைவெளி 9. இலக்கத் திரையுள்ள பெட்டி 930க்கு அடுத்துத் தாவிச் சென்று 940இல்தான் நிற்கும்; 936 அதன் கணக்கில் இல்லை. பண்பலையிலும் அவ்வாறே: அங்கு நிலையங்கள் 88.1, 88.3 என ஒற்றைப் பதின்மத்தில் மட்டுமே இருப்பதால், சில பெட்டிகள் நம் நாட்டின் இரட்டைப் பதின்ம நிலையங்களைத் தாண்டிப் போய்விடும். பல பெட்டிகளில் இந்த இடைவெளியை மாற்றும் வசதி உண்டு. பெட்டியை நிறுத்திய நிலையில் ஒரு குறிப்பிட்ட பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும். எந்தப் பட்டன் என்பது கையேட்டில் இருக்கும். கையேட்டை எறிந்துவிடாதீர்கள்.

மின்சாரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் என்னிடம் வரும் உண்மையான பழுதுகளில் பெரும்பாலானவை இதனால் வந்தவை. அங்கு சுவர்மின்சாரம் 120 வோல்ற்; இங்கு 230 வோல்ற். பெட்டியோடு வந்த அடப்டரின் அடியில் பொடி எழுத்தில் 100 முதல் 240 வரை என்று அச்சிட்டிருந்தால், பிளக்கின் வடிவத்தை மாற்றும் முனை ஒன்றைச் செருகி அச்சமின்றிப் பாவிக்கலாம். 120 என்று மட்டும் இருந்தால், அந்த முனை வடிவத்தைத்தான் மாற்றுமே தவிர வோல்ற்றளவை மாற்றாது. செருகிய மாத்திரத்தில் அடப்டர் கருகும், சில வேளை பெட்டியும் சேர்ந்து போகும். யூ.எஸ்.பி. துளையுள்ள பெட்டிக்கு அந்தத் தொல்லை இல்லை. வீட்டிலுள்ள கைத்தொலைபேசிச் சார்ஜரே போதும்.

சுழற்றி மின்சாரம் எடுத்து வானொலி கேட்பது யாழ்ப்பாணத்தாருக்குப் புதியதன்று. தொண்ணூறுகளில் மின்சாரமும் இல்லாமல், பொருளாதாரத் தடையால் பற்றரியும் கிடைக்காமல் இருந்த காலத்தில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவின் மின்சாரத்தில் செய்தி கேட்ட ஊர் இது. அந்த அனுபவம் உள்ளவர்களுக்குக் கைப்பிடியின் எல்லையும் தெரிந்திருக்கும்: ஒரு நிமிடம் சுற்றினால் குறைந்த சத்தத்தில் சில நிமிடங்கள் கேட்கலாம், அவ்வளவுதான். உள்ளேயுள்ள லிதியம் பற்றரியைக் கையால் சுற்றியே நிரப்ப நினைத்தால் தோள் நோவுதான் மிஞ்சும். மேலேயுள்ள சூரிய மின்தகடு தீப்பெட்டியைவிடச் சற்றே பெரியது. அடைமழை நாளில் அதை நம்பக்கூடாது. இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை முழுமையாக மின்னேற்றி வைத்தால் உள்பற்றரி நீண்ட காலம் உழைக்கும். ஆண்டுக்கணக்கில் அலுமாரியில் காலியாகக் கிடந்தால் அது மீளாது.

என்னைக் கேட்டால், சாதாரண பென்பற்றரிகளும் போடக்கூடிய பெட்டியே சிறந்தது. அவற்றைப் பெட்டிக்குள் போட்டு வைக்காமல், பக்கத்தில் ஒரு பொலித்தீன் பையில் கட்டி வையுங்கள். மலிவான துத்தநாகப் பற்றரியின் வெளிக்கூடே அதன் எதிர்முனை. மின்சாரம் கொடுக்கக் கொடுக்க அந்தக் கூடு அரிக்கப்பட்டு, கடைசியில் ஓட்டை விழுந்து உள்ளிருப்பது ஒழுகும். அல்கலைன் பற்றரியும் நாட்பட்டால் வெள்ளைப் பொடியாகக் கக்கும். கடற்காற்று வீசும் ஊரில் அந்த ஈரம் சுருள்கம்பியைப் பச்சை படியச் செய்து தின்றுவிடும். பொடி சிறிதளவு இருந்தால், கையுறை அணிந்து, பஞ்சுக்குச்சியில் வினாகிரி தொட்டுத் துடைத்துக் காயவிடலாம். சுருள் முறிந்திருந்தால் கடைக்குக் கொண்டு வாருங்கள்.

கேட்பதிலும் ஒரு முறை வேண்டும். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில், வங்கக் கடலில் தாழமுக்கம் என்ற செய்தி வந்த நாளிலிருந்து, வீட்டில் ஒருவர் காலையும் மாலையும் இரவு படுக்குமுன்னும் செய்தியைக் கேட்டுக் குறித்துக்கொள்வதைத் தன் பொறுப்பாக எடுக்க வேண்டும். எங்கே நிலைகொண்டுள்ளது, எத்திசையில் நகர்கிறது, எப்போது கரை கடக்கும், காற்றின் வேகம் என்ன, எத்தனை மில்லிமீற்றர் மழை எதிர்பார்க்கப்படுகிறது: இந்த ஐந்தும் குறிப்பில் இருக்க வேண்டும். 2020 டிசம்பர் 2ஆம் திகதி புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரை கடந்தது இரவில். படுக்குமுன் கேட்கும் செய்தியை நான் வற்புறுத்துவதற்கு அதுவே காரணம்.

மில்லிமீற்றர் என்ற சொல் பலருக்கு வெறும் இலக்கமாகவே கேட்டு மறந்துபோகிறது. கூட்டங்களில் நான் அதைப் பரப்புக் கணக்கில் சொல்வதுண்டு. ஒரு பரப்புக் காணி ஏறத்தாழ 253 சதுர மீற்றர். அதன்மேல் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் அது ஏறக்குறைய 25,000 லீற்றர் தண்ணீர். 1,000 லீற்றர் தாங்கிகள் இருபத்தைந்தை அந்தக் காணிக்குள் கவிழ்த்த அளவு. நான்கு பரப்புக் காணியென்றால் நூறு தாங்கி. வற்றாத ஆறில்லாத, மேடுபள்ளம் குறைந்த நம் குடாநாட்டில் அது வாய்க்கால் வழியே வடிய நேரம் எடுக்கும். நாவாந்துறை, பொம்மைவெளி போன்ற தாழ்ந்த பகுதிகளில் இருப்போர் இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வானொலியில் 100 என்று கேட்டவுடன் அரிசிப் பையையும் பத்திரங்களையும் பரணில் ஏற்றிவிட வேண்டும்.

ஆழிப்பேரலைக்கு இந்த முறை பொருந்தாது. கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்குவதைக் கண்டால், வானொலியைத் திறக்க நில்லாமல் உள்நாட்டுப் பக்கம் நகர்ந்துவிட வேண்டும். செய்தியைப் பாதுகாப்பான இடத்துக்குப் போன பின் கேட்கலாம்.

வெளிநாட்டிலிருந்து இங்குள்ள பெற்றோருக்குப் பெட்டி வாங்க நினைப்பவர்கள், பெட்டியின் மேல் அச்சிட்டுள்ள 'வானிலை' என்ற சொல்லுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். மத்திய அலை 9 கிலோ ஹேர்ட்ஸுக்கு மாறுமா, பண்பலை 0.1 மெகா ஹேர்ட்ஸ் படியில் நகருமா, யூ.எஸ்.பி. வழியே மின்னேறுமா, பென்பற்றரியும் போடலாமா, பட்டன்கள் வயதானவர் விரலுக்கு அடங்குமா என்று கடையிலேயே கேட்டுப் பார்த்து வாங்குங்கள். ஏற்கெனவே அனுப்பிவிட்டவர்கள், அடுத்த முறை வீட்டுக்குத் தொலைபேசி எடுக்கும்போது, அந்த வானிலை பட்டன் இங்கு ஒலிக்காது என்பதை அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.