மைனஸ் 70 மருந்து உடம்புக்குள் போனால் என்ன ஆகும்?

2021இல் சிங்கப்பூர்ச் சமூக மன்றங்களில் கொரோனா தடுப்பூசி நிலையங்கள் நடந்த சமயத்தில், மருந்தாளராக நின்ற என்னைப் பார்த்து நம் ஊர்ப் பெரியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவை இரண்டு. "மைனஸ் எழுபதுல வெச்சிருந்ததை உடம்புல ஏத்தலாமாம்மா?" அப்புறம், "டிஎன்ஏவையே மாத்திடுமாமே?" இன்றைக்கும் பூஸ்டர் பேச்சு வந்தால் இதே கேள்விகள்தான் வருகின்றன. இரண்டுக்குமே பதில் ஒன்றுதான்: அந்தத் தடுப்பூசிக்குள் இருக்கும் எம்ஆர்என்ஏ, அதாவது புரதம் செய்வதற்கான குறிப்பைச் சுமக்கும் ஒருவகை ஆர்என்ஏ இழை, ஒரு நோஞ்சான்.

குளிர் விஷயத்தை முதலில் பார்க்கலாம். ஊசி போடும்போது மருந்து உறைந்திருக்காது. அன்று வந்த ஃபைசரின் ஊதா மூடிக் குப்பியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஃப்ரீசரிலிருந்து எடுத்து சாதாரணக் குளிர்பெட்டியில் வைத்தால் ஒரு தட்டு முழுக்க உருக இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். அதன் பிறகு குப்பியைப் பத்துமுறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தி, 1.8 மில்லி உப்புநீர் சேர்த்து, அதே அளவு காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, மறுபடி பத்துமுறை கவிழ்த்து, ஆளுக்கு 0.3 மில்லி எடுப்போம். குலுக்கவே கூடாது. தயிரைக் கடைந்தால் கொழுப்பு ஒன்றோடொன்று ஒட்டி வெண்ணெயாகத் திரளுமே, அந்த மாதிரி உள்ளே இருக்கும் நுண்ணிய கொழுப்புத் துகள்கள் ஒட்டிக்கொண்டால் மருந்து வீண். கலந்தபின் ஆறு மணி நேரம்தான் கெடு. சாயங்காலமானால் வரிசையில் எத்தனை தலை என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கடைசிக் குப்பியைத் தொடுவோம், ஏனென்றால் திறந்ததை மறுபடி உறைய வைக்கிற பேச்சே கிடையாது.

இவ்வளவு பாடு எதற்கு? ஆர்என்ஏவின் சர்க்கரைப் பகுதியில் டிஎன்ஏவில் இல்லாத ஓர் ஆக்சிஜன் கூடுதலாக இருக்கிறது. தண்ணீருக்குள் இருக்கும்போது அதுவே தன் இழையைத் தானே அறுக்க வழி செய்துவிடும், சூடு ஏற ஏற அறுபடும் வேகமும் கூடும். போதாக்குறைக்கு, ஆர்என்ஏவைத் துண்டாடும் நொதிகள் நம் தோலிலும் வியர்வையிலும் நிறைய இருக்கின்றன. அதனால்தான் கொழுப்பு உறை, அதனால்தான் மைனஸ் 70.

கையில் ஏறியதும் அந்தக் கொழுப்புத் துகளைச் செல்கள் உள்ளே இழுத்துக்கொள்கின்றன. கொரோனாவின் முள் புரதத்தை எப்படிச் செய்வது என்ற குறிப்பைச் செல்லின் புரதத் தொழிற்சாலையான ரைபோசோம் படித்துப் புரதத்தைச் செய்கிறது, செல் அதை வெளியே காட்டுகிறது, நோயெதிர்ப்பு மண்டலம் அதைப் பார்த்துப் பழகிக்கொள்கிறது. வெளியிலிருந்து வரும் ஆர்என்ஏவைக் கண்டாலே உடம்பு கொதித்தெழும் என்பது நெடுநாள் தலைவலியாக இருந்தது. அதன் எழுத்துகளில் ஒன்றைச் சற்றே மாற்றினால் அந்தக் கொதிப்பு அடங்குகிறது என்று விஞ்ஞானிகள் கட்டாலின் கரிக்கோவும் ட்ரூ வைஸ்மனும் 2005இல் காட்டினார்கள். அதற்கு 2023இல் நோபல் கிடைத்தது. (நடுவில் கரிக்கோவுக்கு ஆராய்ச்சிப் பணம்கூடச் சரியாகக் கிடைக்கவில்லை. அது தனிக் கதை.)

சரி, டிஎன்ஏ? இந்த வேலையெல்லாம் செல்லின் உட்கருவுக்கு வெளியே நடக்கிறது, டிஎன்ஏ இருப்பதோ உட்கருவுக்குள். ஃப்ரீசரை விட்டு வந்தால் நாள் எண்ண வேண்டிய பொருள், உடம்பின் 37 டிகிரியில், நொதிகளுக்கு நடுவே எத்தனை நாள் தாங்கும்? பெரும்பகுதி சில நாட்களில் சிதைந்துவிடும். பக்கவிளைவே கிடையாது என்று நான் சொல்ல மாட்டேன். இளம் ஆண்களுக்கு, பெரும்பாலும் இரண்டாம் டோஸுக்குப் பின், அரிதாக இதயத் தசை அழற்சி வந்ததுண்டு. ஊசி போட்ட சில நாட்களில் நெஞ்சுவலியோ மூச்சுத் திணறலோ படபடப்போ வந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள். இது உண்மையான ஆபத்து, டிஎன்ஏ கதை வெறும் புரளி.

சேமிப்பு விதிகள் இப்போது நிறைய மாறிவிட்டன. ஊதா மூடி வந்த புதிதில் குளிர்பெட்டியில் ஐந்து நாள்தான் கெடு, பின்னால் குப்பிக்குள் மருந்தோடு இருக்கும் உப்புக் கரைசலை மாற்றி வந்த சாம்பல் மூடிக்குப் பத்து வாரம். புனேயின் ஜெனோவா நிறுவனமோ தண்ணீரையே உறிஞ்சிவிட்டு உலர்தூளாக ஜெம்கோவாக் என்ற எம்ஆர்என்ஏ தடுப்பூசியைச் செய்தது, அதற்கு 2 முதல் 8 டிகிரி போதும். இந்திய ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஐஎல்ஆர் எனப்படும் தடுப்பூசிக் குளிர்பெட்டிக்குச் சரிப்பட்டு வரும் ஏற்பாடு. ஃபைசரின் கண்ணாடிச் சிரிஞ்சில் நிரப்பியே வரும் புது வகை இதற்கு நேர்மாறு, அதை உறைய வைக்கவே கூடாது. எம்ஆர்என்ஏ என்றாலே ஃப்ரீசர் என்று பழகிய கை அதையும் தானாக ஃப்ரீசருக்குக் கொண்டுபோகும். அட்டையில் இருப்பதைப் படித்துவிட்டு அடுக்குங்கள், உறைந்துபோனால் தூக்கிப் போடவேண்டியதுதான்.