‘பி.டி.எஸ். போட்டுவிடலாமா, டாக்டர்?’

மே மாதக் கடைசியில் சேலம் அஸ்தம்பட்டியில் உள்ள என் கிளினிக்குக்கு வருகிறவர்களில் சிலருக்குப் பல்லில் எந்தக் கோளாறும் இருக்காது. கையில் பிள்ளையின் மதிப்பெண் பட்டியல் இருக்கும். “எம்.பி.பி.எஸ். கிடைக்காவிட்டால் பி.டி.எஸ். போட்டுவிடலாமா, டாக்டர்?” என்பார்கள். பி.டி.எஸ். என்பது பல் மருத்துவப் பட்டப் படிப்பு. அந்தப் ‘போட்டுவிடலாமா’தான் எனக்கு உறுத்தும்.

என்னுடன் படித்தவர்களிலும் அப்படி வந்து சேர்ந்தவர்கள் உண்டு. உடற்கூறியல், உயிர்வேதியியல் எல்லாம் மனப்பாடத்தில் ஓடிவிட்டன. மெழுகுக் கட்டியையும் கத்தியையும் கொடுத்து, ஒரு பல்லை அச்சு அசலாகச் செதுக்கச் சொன்ன அன்று இரண்டு பேர் அழுதேவிட்டார்கள். படிப்பு நான்கு ஆண்டு, பயிற்சி மருத்துவராக ஓராண்டு. அந்த ஐந்து ஆண்டும் விரல் ஓயாது. கடைசி ஆண்டுகளில் இத்தனை பல் பிடுங்க வேண்டும், இத்தனை சொத்தை அடைக்க வேண்டும், இத்தனை பல்செட் செய்ய வேண்டும் என்று கணக்கு உண்டு. ஆள் கிடைக்காமல் என் தாய்மாமாவைக் கெஞ்சி, பஸ் ஏற்றி அழைத்துப்போய் நாற்காலியில் உட்காரவைத்தேன். இன்றும் தீபாவளிக்குத் தீபாவளி அதைச் சொல்லிக்காட்டுகிறார்.

பத்தாம் வகுப்பு முடித்துப் பிரிவு எடுக்கும்போதே பாதி முடிவாகிவிடுகிறது. உயிரியலோடு கணிதமும் உள்ள பிரிவு என்றால் பொறியியலுக்கும் வழி இருக்கும். கணிதம் பாரமென்றால் தாவரவியல், விலங்கியல் பிரிவு போதும். நுழைவுத் தேர்வு எம்.பி.பி.எஸ்ஸுக்கு எழுதும் அதே நீட்தான். 180 கேள்வி, 720 மதிப்பெண், அதில் பாதி உயிரியல். தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் குறையும். தமிழிலும் எழுதலாம்.

இதற்கும் முன்பே கை நழுவுவது ஒன்று உண்டு. ஏற்காட்டில் ஒரு பல் மருத்துவ முகாமில், காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் ஓர் அம்மா தன் மகளைக் காட்டி, “இவளுக்கு டாக்டர் ஆக ஆசை. ஒன்பதாம் வகுப்பிலிருந்து, மலைக்குக் கீழே சேலத்தில் தனியார் பள்ளியில் சேர்த்துவிட்டோம்” என்று பெருமையாகச் சொன்னார். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு, மருத்துவ, பல் மருத்துவ இடங்களில் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டை 2020-இல் தமிழக அரசு கொண்டுவந்தது. அதில் இடம் பெறுகிறவர்களின் கல்விக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அந்த அம்மாவிடம் அன்று இதை எடுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சேலத்தில் அரசு மருத்துவக் கல்லூரி உண்டு, அரசுப் பல் மருத்துவக் கல்லூரி கிடையாது. சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை என்று ஊர் விட்டுப் போக வேண்டும். மற்றவை தனியார் கல்லூரிகள், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள். நிகர்நிலை இடங்களுக்கு மத்தியக் கலந்தாய்வு தனி. கட்டணமும் பல மடங்கு. வீட்டை அடகு வைத்து அங்கே சேர்ப்பதை நான் யாருக்கும் சொல்வதில்லை. பட்டம் வாங்கியபின் நாற்காலி, கம்ப்ரஸர், எக்ஸ்ரே கருவி என்று இன்னொரு கடன் வாசலில் நிற்கும்.

“அமெரிக்காவில் இருக்கும் அக்கா மகள் வேறு மாதிரி சொல்கிறாளே?” என்று கேட்பவர்களும் உண்டு. அங்கே பெரும்பாலோர் நான்கு ஆண்டு கல்லூரி முடித்து, தனி நுழைவுத் தேர்வு எழுதி, பிறகு நான்கு ஆண்டு பல் மருத்துவம் படிக்கிறார்கள். நம் பி.டி.எஸ்ஸோடு போனாலும் பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகள் மறுபடி படிக்கவேண்டி வரும். ஆனால் விண்ணப்பிக்கும் முன்பே ஒரு பல் மருத்துவரிடம் நின்று வேலையைப் பார்த்திருக்க வேண்டும் என்று அங்கே எதிர்பார்க்கிறார்கள். அந்த ஒன்றை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன்.

போன கோடையில், பனங்காட்டில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் அதே ‘போட்டுவிடலாமா’வோடு வந்தார். மகள் பத்தாம் வகுப்பு முடித்திருந்தாள். ஒரு வாரம் மாலையில் கிளினிக்கில் உட்காரச் சொன்னேன். ரத்தம் பார்த்தாள், வாய் நாற்றம் பார்த்தாள், ஊசிக்குப் பயந்து என் கையைக் கடித்த சிறுவனையும் பார்த்தாள். கடைசி நாளில் மெழுகும் கத்தியும், ஒரு கோரைப்பல்லின் பிளாஸ்டிக் மாதிரியும் கொடுத்தனுப்பினேன்.

நான்கு நாள் கழித்து இருவரும் வந்தார்கள். அவள் கைக்குட்டையைப் பிரித்துப் பல்லை வைத்தாள். வேரின் நுனி லேசாக ஒரு பக்கம் வளைந்திருந்தது, மாதிரியிலும் அப்படித்தான். அப்பா அதை எடுத்து, கொலுசுக் கண்ணியைப் பார்ப்பதுபோல விளக்குக்கு நேரே திருப்பினார்.

“இந்தப் பக்கம் ஒரு நூல் கூடிவிட்டது, பாப்பா” என்றார்.

கூடித்தான் இருந்தது.