எக்ஸ்ரே நார்மல், அப்ப முதுகு ஏன் நோவுது?

தருமபுரி பக்கம் கிளினிக் வச்சிருக்கற எங்கள மாதிரி டாக்டருங்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, ஆளு வந்து "இடுப்பு நோவுது டாக்டரம்மா"ன்னு வாயத் தொறந்ததும் பல்லத்தான் பாப்போம், பல்லுல காவி கறை இருந்துச்சுன்னா கை தானா "ஃப்ளோரோசிஸ்"னு, அதாவது ஃப்ளோரைடு தண்ணியால வர்ற பல்லு, எலும்பு வியாதின்னு, சீட்டுல எழுதிடும். தப்புன்னும் சொல்ல முடியாது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல ஃப்ளோரைடு இருக்கற போர் தண்ணிய முப்பது நாப்பது வருஷம் குடிச்ச ஊருங்க இது, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013லதான் தொடங்குச்சு, அதுக்கு முன்னாடியே எலும்புல ஏறினது ஏறினதுதான். ஆனா அந்தப் பழக்கத்தால நான் ஒரு அம்மாவுக்கு ரெண்டு மாசத்த வீணாக்கினேன், அவங்களுக்கு இருந்தது மைலோமா, எலும்பு மஜ்ஜையில வர்ற ஒரு ரத்தப் புத்துநோய், அதனாலதான் இத எழுதறேன்.

பென்னாகரம் பக்கத்து ஆளு, 57 வயசு, களை எடுக்கப் போற அம்மா. அடையாளம் தெரியாம இருக்க சில விவரத்த மாத்தி எழுதறேன். எட்டு மாசமா முதுகு நோவு, வேற எடத்துல எடுத்த எக்ஸ்ரே நார்மல், பல்லுல கறை, அப்புறம் என்ன, கால்சியம் மாத்திரையும் வலி மாத்திரையும் குடுத்து அனுப்பிட்டேன். மூணாவது தடவ வந்தப்ப அவங்க பொண்ணு ஒரு வார்த்த சொல்லுச்சு, "ராத்திரி திரும்பிப் படுத்தா கத்துது மேடம்". ஃப்ளோரோசிஸ்ல பொதுவா முதுகு கட்டைமாதிரி விறைச்சுக்கும், குனிய முடியாது. இது வேற மாதிரி நோவு.

அப்பதான் அந்த அம்மாவோட பழைய லிவர் டெஸ்ட் ரிப்போர்ட்ட ஒழுங்காப் பாத்தேன். டோட்டல் புரோட்டீன் 9.6, ஆல்புமின் 3.4. கழிச்சுப் பாருங்க, குளோபுலின் 6.2! வழக்கமா 3.5 வரைக்கும்தான் இருக்கும். மஞ்சக்காமாலை டெஸ்ட்டுன்னு எடுத்த பேப்பர், பிலிருபின மட்டும் பாத்துட்டு எல்லாரும் மடிச்சு வச்சிட்டாங்க, நானும்தான். வீட்ல லிவர் டெஸ்ட் ரிப்போர்ட் ஏதாவது கெடந்தா அந்த ரெண்டு வரியக் கழிச்சுப் பாருங்க. குளோபுலின் ஏறறதுக்கு டிபி, நாள்பட்ட இன்ஃபெக்‌ஷன், லிவர் வியாதின்னு வேற காரணமும் நெறைய இருக்கு, பயந்துக்க வேணாம், ஆனா அம்பது வயசுக்கு மேல எலும்பு நோவோட சேந்து இருந்தா சீரம் புரோட்டீன் எலக்ட்ரோபோரசிஸ்னு, ரத்தப் புரோட்டீன வகை வகையாப் பிரிச்சுப் பாக்கற ஒரு டெஸ்ட் எடுத்தே ஆகணும்.

அந்த அம்மாவுக்கு அதுல எம் ஸ்பைக், அதாவது மைலோமா செல்லு அளவுக்கு மீறிச் செய்யற ஒரே வகைப் புரோட்டீன் (எம் புரோட்டீன்), டெசிலிட்டருக்கு 3.4 கிராம் வந்துச்சு. எலும்பு மஜ்ஜையில பிளாஸ்மா செல், அதான் மைலோமாவுல கெட்டுப்போற செல்லு, 22%. ஹீமோகுளோபின் 11.2, கிரியாட்டினின் நார்மல், கால்சியம் நார்மல். எக்ஸ்ரேல ஓட்டை இல்ல. பெரிய ஊருக்கு அனுப்பினதுல அங்க "ஸ்மோல்டரிங் மைலோமா, ட்ரீட்மென்ட் தேவையில்ல, மூணு மாசம் கழிச்சு வாங்க"ன்னு எழுதி அனுப்பிட்டாங்க.

ஸ்மோல்டரிங்னா நம்ம பாஷைல நீறு பூத்த நெருப்புதான், மேல சாம்பல், உள்ள கனல். மஜ்ஜையில பிளாஸ்மா செல் 10%லருந்து 60%க்குள்ள, இல்லன்னா ரத்தத்துல எம் புரோட்டீன் 3 கிராம் இல்ல அதுக்கு மேல, ஆனா கிட்னி, கால்சியம், ரத்தம், எலும்பு எதுக்கும் அதனால சேதம் இல்ல, அப்படி இருந்தாத்தான் அந்தப் பேரு. இதுல "எலும்புக்கு சேதம் இல்ல"ங்கற இடம்தான் வம்பு. எதுல பாத்து இல்லன்னு சொல்றீங்க?

எக்ஸ்ரேல ஒரு ஓட்டை கண்ணுக்குத் தெரியணும்னா அந்த எடத்துல எலும்போட தாதுச் சத்து 30%லருந்து 50% வரைக்கும் போயிருக்கணும். அதுவும் முதுகெலும்பு, இடுப்பெலும்புல குடல் காத்து வேற மேல விழுந்து மறைச்சிடும். அதனாலதான் இன்டர்நேஷனல் மைலோமா ஒர்க்கிங் குரூப்ங்கற உலக டாக்டருங்க குழு 2014ல விதிய மாத்துனப்ப சிடிலயோ பெட் சிடிலயோ (செல்லு வேகமா வேலை செய்யற எடம் பளிச்சுனு தெரியற சிடி) 5 மில்லிமீட்டர் சைஸுக்கு ஒரே ஒரு ஓட்டை இருந்தாலே அது ஸ்மோல்டரிங் இல்ல, மைலோமாவேதான்னு எழுதுனாங்க, எம்ஆர்ஐல அதே சைஸுல ஒண்ணுக்கு மேல ஃபோக்கல் லீஷன், அதாவது தனியாத் தெரியற கெட்ட எடம், இருந்தாலும் அப்படித்தான். மஜ்ஜையில பிளாஸ்மா செல் 60% தொட்டாலோ, ஃப்ரீ லைட் செயின்னு ரத்தத்துல தனியாத் திரியற புரோட்டீன் துண்டுங்களோட ரெண்டு வகைக்கும் உள்ள ரேஷியோ 100 தொட்டாலோ அதும் ட்ரீட்மென்ட் கணக்குதான்.

அந்த அம்மாவுக்கு லோ டோஸ் ஹோல் பாடி சிடி எடுக்கச் சொல்லி ஒரு லெட்டர் எழுதி மறுபடி அனுப்பினேன். காண்ட்ராஸ்ட் ஊசி கிடையாது, சட்டுனு முடிஞ்சிடும். இடுப்பெலும்புல 9 மில்லிமீட்டர்ல ஒண்ணு, மூணாவது இடுப்பு முள்ளெலும்புல ஒண்ணு. பஞ்ச் மெஷின்ல குத்துன மாதிரி ஓரம் சுத்தமா இருந்துச்சு. ஸ்மோல்டரிங்னு பேப்பர்ல இருந்தது அன்னைக்கே மாறிப்போச்சு, அதே மாசம் ட்ரீட்மென்ட் ஆரம்பிச்சாங்க.

இன்னொண்ணு, சில பேரு "போன் ஸ்கேன் எடுத்தாச்சு டாக்டரம்மா, ஒண்ணும் இல்ல"ன்னு டெக்னீசியம் ஸ்கேன் ஃபிலிம் கொண்டு வர்றாங்க. எலும்புல எப்பவும் ரெண்டு கேங் வேலை செய்யும், ஒண்ணு இடிக்கிற கேங், ஒண்ணு கொத்தனார் கேங். மைலோமா செல்லு இடிக்கிறவனுக்கு டபுள் கூலி குடுத்துட்டு கொத்தனாரத் தூங்க வச்சிடும். போன் ஸ்கேன் காட்டறது கொத்தனார் வேலைய, அவன் தூங்கும்போது என்னத்தக் காட்டும்? ரத்தத்துல கொத்தனார் வேலையக் காட்டற அல்கலைன் ஃபாஸ்ஃபடேஸும் அதே கதைதான், இவ்வளவு ஓட்டை இருந்தும் பெரும்பாலும் நார்மலா நிக்கும். ஃப்ளோரோசிஸ்ல தலைகீழ், எலும்பு வெள்ளை வெளேர்னு கெட்டியாத் தெரியும், ஃபாஸ்ஃபடேஸ் பல பேருக்கு ஏறியிருக்கும். ஒரே ஆளுக்கு ரெண்டும் இருக்கலாம்ங்கறதுதான் நம்ம ஜில்லாவோட தனிச் சிக்கல்.

எதிர்ப்பக்கமும் சொல்லணும். ஸ்கேன்ல தெரியறதெல்லாம் மைலோமா இல்ல. காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு வச்சிருக்கற ஒருத்தரு, நெஜமான ஸ்மோல்டரிங், பெட் சிடில விலா எலும்புல ரெண்டு எடம் பளிச்சுனு எரிஞ்சுது, பசங்க ஒரே அழுகை. அவர உக்கார வச்சுக் கேட்டா, "போன மாசம் மரத்துலருந்து வழுக்கி விழுந்தேன், பொண்டாட்டிகிட்ட சொல்லல"ங்கறாரு. ஆறிட்டிருக்கற முறிவும் பெட்ல எரியும். சிடி பக்கத்துல அந்த எடத்துல ஓட்டை இருக்கான்னுதான் பாக்கணும், வெறும் எரியறத வச்சு மைலோமான்னு சொல்லக் கூடாது. எம்ஆர்ஐல சந்தேகமா ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சா மூணுலருந்து ஆறு மாசத்துல திருப்பி எடுத்து வளருதான்னு பாப்பாங்க, அதுவரைக்கும் அவசரப்படத் தேவையில்ல. ஸ்கேனுக்குப் போறப்ப பழைய சிடி, ஃபிலிம் எல்லாம் எடுத்துட்டுப் போங்க, விழுந்தது அடிபட்டது எல்லாம் சொல்லுங்க, பொண்டாட்டிகிட்ட சொல்லாட்டியும் எங்ககிட்ட சொல்லுங்க.

லைட் செயின் யூரின்ல போகுதான்னு பாக்கற 24 மணி நேர யூரின் டெஸ்ட்டப் பத்தியும் ஒரு வார்த்த. காலைல எந்திரிச்சதும் போற மொதல் யூரின விட்டுடணும், அப்புறம் மறுநாள் காலை மொதல் யூரின் வரைக்கும் ஒரு சொட்டு விடாம கேன்ல புடிக்கணும். ஒரு பாட்டி பஸ்ல கொண்டு வர வெக்கப்பட்டு பாதிய வழியிலயே கொட்டிட்டு மீதிய மஞ்சப் பையில சுத்திக் கொண்டு வந்துச்சு, அந்தக் கணக்க வச்சு நான் என்ன பண்றது. சாதா யூரின் ஸ்ட்ரிப்பு லைட் செயின சரியாப் புடிக்காது, அதனாலதான் இந்தக் கேன் கூத்து.

அந்த மாந்தோப்புக்காரரு இப்ப ஆறாவது வருஷத்துல இருக்காரு. ஸ்மோல்டரிங் முழு மைலோமாவா மாறறது முதல் 5 வருஷம் வருஷத்துக்கு நூத்துல சுமார் 10 பேருக்கு, அடுத்த 5 வருஷம் 3 பேருக்கு, அப்புறம் 1ன்னு கொறைஞ்சுட்டே வரும். மஜ்ஜை 20%, எம் புரோட்டீன் 2 கிராம், லைட் செயின் ரேஷியோ 20, இந்த மூணுல ஏதாவது ரெண்டு அளவத் தாண்டினா ஹை ரிஸ்க், அவங்களுக்குத்தான் டாராடுமுமாப் ஊசி சீக்கிரமே போடலாமான்னு பேச்சு வந்துச்சு, 2024 கடைசில வந்த அக்விலா ட்ரையல்ல வியாதி முத்தறது தள்ளிப்போனது தெரிஞ்சுது. இவருக்கு ஒண்ணுகூடத் தாண்டல. நான் அவருக்கு எழுதறதெல்லாம் மெடிக்கல் ஷாப்ல போய் தானா வலி மாத்திரை வாங்காதீங்க, அது கிட்னிய அடிக்கும், தண்ணி நல்லாக் குடிங்க, ரத்த டெஸ்ட்டுக்குத் தேதி தவறாதீங்க, புதுசா எங்க நோவுனாலும் தேதி வரைக்கும் காத்திருக்காம வாங்க, அவ்வளவுதான்.

போன வாரம் வந்தப்ப குளோபுலின் 4.1, போன வருஷம் இருந்த அதே நம்பர். "மரம் ஏறலாமா டாக்டரம்மா?"ன்னாரு. ஆள் வச்சு ஏத்துங்கன்னேன். பக்கத்துல நின்ன அவரு சம்சாரம் "அப்படி நல்லாச் சொல்லுங்க"ன்னுச்சு.