கிராவல்: சரளையா, செம்மண்ணா?

பொள்ளாச்சிப் பக்கம் லாரிக்காரரிடம் ‘ரெண்டு லோடு கிராவல் வேணுங்க’ என்று சொன்னால், மறுகேள்வி இல்லாமல் செம்மண்ணைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போவார். அஸ்திவாரத்துக்குள் நிரப்பவும், பள்ளமான மனையை மேடாக்கவும், தார்ச்சாலையின் இரு ஓரத்தையும் அணைக்கவும் அதுதான் கிராவல். அதே ஊர் சைக்கிள் கடையில் ‘கிராவல் பைக்’ என்ற அட்டையைப் பார்க்கிறவர், செம்மண்ணில் ஓட்டும் வண்டி போல என்று நினைத்தால் அவர்மேல் குற்றமில்லை. ஆனால் அந்த அட்டையில் இருக்கிற கிராவல் மண் அல்ல, கல். தார் போடாத கல்சாலையில் ஓட்டுகிற சைக்கிள் அது.

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே ‘கிரேவ்’ என்றால் மணலும் கூழாங்கல்லும் கிடக்கும் ஆற்றங்கரை அல்லது கடற்கரை. ‘கிராவல்’ அதன் சிறுமை வடிவம். அதற்கும் அடியில் கெல்டிக் வேர் ஒன்று உண்டு. வேல்ஸ் மொழியில் இன்றைக்கும் ‘க்ரோ’ என்றால் சரளைதான். பாரிஸில் சேன் ஆற்றின் கரையில் ‘கிரேவ்’ என்றொரு திடல் இருந்தது. வேலை தேடுகிறவர்கள் அங்கே கூடி நிற்பார்கள். பிரெஞ்சில் வேலைநிறுத்தத்துக்கும் ‘கிரேவ்’ என்றே பெயர் வந்தது அந்தத் திடலால்தான். சைக்கிளுக்கும் இதற்கும் தொடர்பில்லை, சொல் எவ்வளவு தூரம் உருளும் என்பதற்காகச் சொன்னது.

மண் பொறியியலில் இதற்குக் கறாரான அளவு இருக்கிறது. இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 1498-இன்படி 4.75 மி.மீ. சல்லடையில் தங்குவதிலிருந்து 80 மி.மீ. வரை உள்ள கல்தான் கிராவல். அதற்குக் கீழே மணல். அப்படியானால் நம் ஊரில் செம்மண்ணுக்கு எப்படி இந்தப் பெயர் ஒட்டியது? சாலை போடுகிற முறையைப் பார்த்தால் ஓரளவு விளங்கும். ஜல்லியை விரித்து, ரோலர் ஓட்டி, இடுக்குகளில் பொடிக்கல்லும் சரளை கலந்த சிவப்பு மண்ணும் தூவி, தண்ணீர் விட்டு மறுபடி உருட்டினால் 75 மி.மீ. கனமுள்ள ஓர் அடுக்கு இறுகும். கல்லைக் கல்லோடு பிடித்துவைக்கிற அந்த மண்ணைத்தான் வேலைக்கணக்கில் ‘கிராவல்’ என்று எழுதினார்கள். கல் குறைந்து மண்ணே மிகுந்த பிறகும் பெயர் மாறவில்லை என்று கொள்ளலாம். வடக்கே இதே மண்ணை ‘முரூம்’ என்பார்கள், அது மராத்தி.

இனி தமிழுக்கு வருவோம். கிராவலுக்கு நேர்ச்சொல் சரளை. ‘சரல்’ என்ற வடிவமும் உண்டு. குமரி மாவட்டத்துச் சரல்விளையில் இருப்பது அந்தச் சரல்தான். கோபாலபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டிப் பாலக்காட்டு மாவட்டத்துக்குள் நுழைந்தால் மலையாளத்திலும் அது ‘சரல்’. எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒரே கல்லுக்கு ஒரே பெயர் இருக்க, நடுவில் ஆங்கிலத்தைக் கூப்பிட வேண்டியதில்லை. (பேச்சில் வருகிற ‘சரளம்’ வேறு, அது வடசொல். சரளையில் சரளமாக ஓட்ட முடியாது என்பது ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.)

பழைய சொற்கள் இன்னும் இரண்டு உண்டு. ஒன்று ‘பரல்’. உருண்டு தேய்ந்த சிறு கல், சிலம்புக்குள் கிடந்து ஒலிக்கும் மணிக்கும் அதே பெயர். இன்னொன்று ‘முரம்பு’, பருக்கைக்கல் நிறைந்த மேட்டு நிலம். சைக்கிள்காரருக்கு இந்த வேறுபாடு ஏட்டோடு நிற்பதில்லை. பரல் உருண்டையானது. ஒன்றன்மேல் ஒன்று நில்லாமல் சக்கரத்துக்கு அடியில் உருளும், திருப்பத்தில் முன்சக்கரத்தை இழுத்துக்கொண்டு போகும். கிரஷரில் உடைத்த ஜல்லி கோணல்மாணலானது. ஒன்றோடொன்று கவ்விக்கொள்வதால் இறுகிய பிறகு நன்றாக ஓடும். இறுகாமல் புதிதாகக் கொட்டிக் கிடக்கும்போதோ டயரின் பக்கச்சுவரைக் கத்திபோலக் கிழிக்கும். ஜல்லி, சல்லி இரண்டும் ஒன்றே. சிறு துண்டு என்பதுதான் பொருள், சல்லிக்காசிலும் அதே சல்லி. ஜல்லி போட்டுத் தார் போடாத சாலைக்குக் ‘கப்பி ரோடு’ என்றும் பெயர். உடைத்த தானிய நொய்க்கும் கப்பி என்பார்கள், கல்லை நொய்யாகப் பார்த்த கண் அது.

‘கிராவல் சைக்கிளிங்’ என்ற கூட்டுச்சொல் பிறந்தது அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில். அங்கே பண்ணைகளுக்கு நடுவே தார் போடாத சரளைச் சாலைகள் நூற்றுக்கணக்கான மைலுக்கு ஆளரவமில்லாமல் கிடக்கின்றன. கான்சாஸ் மாநிலத்து எம்போரியாவில் 2006-இல் தொடங்கிய 200 மைல் போட்டி இந்த ஓட்டத்தைப் பலருக்கும் தெரியவைத்தது. அதன் இன்றைய பெயர் ‘அன்பவுண்ட்’. அந்தக் குன்றுகளுக்குப் பெயரே ‘ஃபிளின்ட் ஹில்ஸ்’, அதாவது சிக்கிமுக்கிக்கல் குன்றுகள். டயர் கிழிவதற்குப் பேர்போன இடம். உலக சைக்கிள் சங்கம் 2022-இல்தான் முதல் உலகப் போட்டியை இத்தாலியில் நடத்தியது. இத்தாலிக்காரர்களோ அதற்கு முன்பே தங்கள் ஊர்ச் சாலையின் நிறத்தை வைத்து ‘ஸ்ட்ராடே பியாங்கே’, வெண்சாலைகள், என்று ஒரு போட்டிக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். அவர்கள் கல் வெளுப்பு. நம்முடையது சிவப்பு.

தடத்துக்கான சொல்லில் கொங்கு நாடு பணக்கார ஊர். இருபுறமும் கிளுவை வேலி, நடுவே ஒரு மாட்டுவண்டி போகிற அகலம், இரண்டு சக்கரத்தடம், இடையில் புல் முளைத்த திட்டு: இதற்கு ‘இட்டேரி’ என்று பெயர். எல்லை தாண்டினால் ‘இடவழி’. தென்னந்தோப்புகளுக்கு நடுவே போகும் ‘வண்டித்தடம்’ இன்னொன்று. பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தின் வாய்க்கால்களை ஒட்டிய ‘கரைத்தடம்’ மற்றொன்று. வாய்க்காலில் தண்ணீர் தானாக ஓட வேண்டும் என்பதால் கரைத்தடத்தின் சரிவு கண்ணுக்கே தெரியாது. ஆனைமலை பக்கத்தில் எழுந்து நிற்க, கால் நோகாமல் மிதித்துப் போகலாம். மலையை ஒட்டிச் சர்க்கார்பதியிலிருந்து திருமூர்த்தி அணைவரை 49 கி.மீ. போகும் வாய்க்காலுக்குக் ‘காண்டூர் கால்வாய்’ என்று பெயர். சமஉயரக்கோடு என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்தான் அது, இப்போது ஏதோ ஊர்ப்பெயர் போல ஒலிக்கிறது. அந்தக் கரை புலிகள் காப்பகத்துக்குள் போகிறது. வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையக்கூடாது; யானைக்குச் சைக்கிளின் மணி பழக்கமில்லை.

சொல்லைச் சரியாகப் பிடித்தால் வண்டிக்கு என்ன வேண்டும் என்பதும் தெளியும். சரளைத்தடத்துக்குத் தோதான டயர் அகலம் 38 முதல் 45 மி.மீ. இதைப் புதுமை என்று விற்கிறார்கள். தாத்தா ஓட்டிய கறுப்புச் சைக்கிளின் டயர் ஓரத்தில் ‘28 × 1½’ என்று இருக்கும். அதன் மில்லிமீட்டர் குறியீடு 40-635, அதாவது அகலம் 40 மி.மீ. இட்டேரியில் அந்த வண்டி தடுமாறாமல் போனதற்கு அதுதான் காரணம். அதனிடம் இல்லாதவை கியரும், இறக்கத்தில் நம்பத்தக்க பிரேக்கும். முன்பல் 44, பின்பல் 18 வைத்துக்கொண்டு மேட்டில் ஏற முடியாமல் இறங்கித் தள்ளினார்கள். இன்றைய வண்டியில் முன்னால் 40 பல், பின்னால் பெரிய பல்சக்கரம் 42 பல். முன்னதைவிடப் பின்னது பெரியதாக இருப்பதால் செங்குத்தான சரளை மேட்டிலும் சீட்டில் உட்கார்ந்தபடியே ஏறலாம். எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரத்தின்மேல் எடை குறைந்து, கல்லைப் பறித்துக்கொண்டு வெறுமனே சுழலும்.

பெரும்பாலோர் தவறுவது காற்றில். தார்ச்சாலைப் பழக்கத்தில் கல்லு மாதிரி அடித்துவிடுவார்கள். வண்டி ஒவ்வொரு கல்லிலும் துள்ளும், துள்ளும் நேரமெல்லாம் பிடிப்பு இருக்காது. 70 கிலோ எடையுள்ளவர், 40 மி.மீ. டயர் என்றால் ட்யூப் உள்ள சக்கரத்துக்கு முன்னால் 38, பின்னால் 42 பி.எஸ்.ஐ. காற்றழுத்தத்தில் தொடங்கலாம். ட்யூப்லெஸ் என்றால் முன்னால் 30, பின்னால் 34. ட்யூப் வண்டியில் அதற்கும் வெகுவாகக் குறைத்தால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே ட்யூப் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல இரண்டு ஓட்டை பக்கத்துப் பக்கத்தில் விழும். ஒரே ஒரு ஓட்டை என்றால் காரணம் முள்.

முள் நம் ஊரில் தனிப் பாடம். இட்டேரியில் கிளுவையும் நெருஞ்சியும், வாய்க்கால் கரையில் சீமைக்கருவேலும். ட்யூப்லெஸ் டயருக்குள் ஓட்டையை அடைக்கும் திரவமான சீலண்ட் 60 முதல் 90 மி.லி. ஊற்றியிருந்தால் நெருஞ்சிக் குத்து தானாக அடைபடும். முள்ளைப் பிடுங்கியதும் ஓட்டை கீழ்ப்பக்கம் வரும்படி சக்கரத்தைத் திருப்பி அரை நிமிடம் நிறுத்தினால் போதும். வெயிலில் சீலண்ட் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்து ரப்பர் சவ்வாகிவிடும். சக்கரத்தைக் கழற்றிக் காதருகே ஆட்டிப் பாருங்கள், சளசளவென்று கேட்கவில்லை என்றால் மறுபடி ஊற்ற வேண்டும்.

நம் ஊர்க் கிராவலும் சரளையும் ஒன்றல்ல என்பது மழை பெய்த மறுநாள் நன்றாகத் தெரியும். சரளையில் தண்ணீர் வடிந்துவிடும், அன்றைக்கே ஓட்டலாம். கிராவல் என்று நாம் சொல்கிற செம்மண் களிபோலக் குழைந்து டயரைச் சுற்றி அப்பும், ஃபோர்க்கின் இடுக்கில் அடைத்துச் சக்கரத்தையே நிறுத்தும். மட்கார்டு இருந்தால் இன்னும் சீக்கிரம். இரண்டு நாள் வெயில் காய்ந்த பிறகுதான் அதில் இறங்க வேண்டும். காய்ந்த பிறகு வேறு வம்பு: செந்தூள் செயினின் எண்ணெயோடு கலந்து உப்புத்தாள் போலப் பல்லைத் தேய்க்கும். கெட்டி எண்ணெயை விட்டுவிட்டு, மெழுகு கலந்த எண்ணெயைத் தொட்டு, மேலே படிந்ததைத் துணியால் துடைத்துவிடுவது நல்லது.

காற்றடிக்கும் திசையையும் பார்க்க வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேலைக்காற்று சீறிக்கொண்டு வரும். கொழிஞ்சாம்பாறை பக்கம் போகிறவர்கள் காற்று எழுமுன் விடியலில் மேற்கே மிதித்து, வெயில் ஏறியதும் கிழக்கே திரும்பினால் முதுகில் காற்று தள்ளும்.

இனி பெயர். ‘ஜல்லிச் சைக்கிள்’ என்று சிலர் மொழிபெயர்க்கிறார்கள். அது கட்டுமான வாடை அடிக்கிறது, பொருளும் பிசகு. ‘கரடுமுரடுப் பாதைச் சைக்கிள்’ என்பது மலைப்பாறையில் குதித்து ஓட்டும் வேறு வகை வண்டிக்குப் பொருந்தும். ‘செம்மண் சைக்கிள்’ அழகான பெயர், ஆனால் மண்ணைச் சொல்லிக் கல்லை விட்டுவிடுகிறது. தரைக்குச் சரளை, வழிக்குத் தடம்: சரளைத்தடம். நடுவே வல்லினம் மிகும். ஓட்டத்துக்குச் ‘சரளைத்தட ஓட்டம்’, வண்டிக்குச் ‘சரளைத்தடச் சைக்கிள்’. மிதிவண்டி என்று எழுத விரும்புகிறவர்கள் எழுதட்டும், வாயில் வருவது சைக்கிள்தான். கடைக்குப் போய் டயர் கேட்கும்போது மட்டும் ‘கிராவல் டயர், 40 மி.மீ.’ என்றே கேளுங்கள். பெட்டியில் அச்சடித்திருப்பது அதுதான்.